சைக்கிள் டியூப்பா, குரோமெட்டா? இன்ஜின்லேர்ந்து கேபினுக்கு ஒயர் இழுக்குற விவகாரம்

வெண்ணாறு:
"ஃபயர்வால்ல ஓட்டையப் போட்டு, ஒயர் மேல சைக்கிள் டியூப்பை நாலு சுத்து சுத்தி உள்ள விடுங்க. ஆயுசுக்கும் போதும். குரோமெட்டெல்லாம் கடைக்காரன் பொழப்பு." ஃபாக் லேம்ப் மாட்ட வழி கேட்ட ஒருத்தருக்கு நேத்து கொள்ளிடக்கரை கொடுத்த யோசனை இது. படிச்சுட்டு சும்மா போக மனசு வரல.

ஃபயர்வால்னா இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல நிக்கிற தகடு, சுமாரா 1 மி.மீ. கனம். குரோமெட்டுன்னா ஓட்டை விளிம்புல மாட்டுற ரப்பர் வளையம். டிரில் போட்டதும் ஓட்டை விளிம்புல பிசிறு நிக்கும், பிளேடு மாதிரி. இன்ஜின் ஓடுற நேரமெல்லாம் ஒயர் அதுல உரசும். மொதல்ல டியூப் அறுபடும், அடுத்து ஒயர் தோல், அப்புறம் செம்பு பாடியைத் தொடும். பாடி முழுக்க எர்த். பேட்டரி நேரா ஷார்ட் ஆனா சில நூறு ஆம்பியர் பாயும், ஒயர் செவந்து தோல் பத்திக்கும். அதுவும் டாஷ்போர்டுக்குப் பின்னாடி, கை நுழையாத இடத்துல.

கொள்ளிடக்கரை:
வெண்ணாறு அண்ணே, என் பேரைப் போட்டு எழுதுனதுக்கு நன்றி. டியூப்பும் ரப்பர், குரோமெட்டும் ரப்பர். இப்ப வர்ற சைக்கிள் டியூப் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். வெயிலுக்கும் மழைக்கும் சீக்கிரம் வெடிக்காது. நாலு சுத்துன்னா 4 மி.மீ. ரப்பர். உங்க குரோமெட்டோட உதடு அவ்வளவு கனம் இருக்குமா, அளந்து பார்த்துட்டு வாங்க.

வெண்ணாறு:
கனம் இல்ல தம்பி பேச்சு. குரோமெட்டுக்கு நடுவுல ஒரு காடி இருக்கு. தகடு அந்தக் காடிக்குள்ள உக்காரும். ரப்பர் விளிம்பைக் கவ்விக்கிட்டு அசையாம நிக்கும், ஒயர் நடுத்துளையில நிக்கும். உரசல் வர்ற எடமே இல்ல. சுத்துன டியூப்பு தகட்டைக் கவ்வாது. ஒயரோட சேர்ந்து முன்னும் பின்னும் நகரும். ரம்பத்து மேல துணியை வச்சு இழுக்குற வேலை அது.

கொள்ளிடக்கரை:
நகராம இருக்க ரெண்டு பக்கமும் கேபிள் டை போட்டு இறுக்கணும்னுதான் நேத்தே எழுதுனேன். அதை மட்டும் வெட்டிட்டு மீதியை எடுத்துப் போட்டிருக்கீங்க. போன மாசம் 100/90 வாட்ஸ் ஹெட்லைட் பல்பு பேச்சுலயும் இதே வேலைதான் செஞ்சீங்க.

வெண்ணாறு:
பல்பு பேச்சு இங்க வேணாம். கம்பெனி ஹோல்டர்ல 100/90 போட்டா ஹோல்டர் உருகும்னேன், இப்பவும் அதையேதான் சொல்றேன். கேபிள் டை விஷயத்துக்கு வர்றேன். அது ஒயரை பாடியோட கட்டும். ஓட்டைக்குள்ள இருக்குற டியூப்பை தகட்டோட கட்டாது. ரெண்டும் வேற.

அரசலாறு:
இருவரும் ஃபயர்வால் என்று எதைச் சொல்கிறீர்கள்? காருக்கும் பொலீரோவுக்கும் இன்ஜின் முன்னால். ஆம்னி, டாடா ஏஸ் வண்டிகளில் இன்ஜின் சீட்டுக்கு அடியில். அங்கே முன்பக்கத் தகட்டில் ஓட்டை போட்டு என்ன பயன்? முதலில் வண்டி எது என்று தீர்மானியுங்கள்.

குடமுருட்டி:
ஏஸ்ல ஃபயர்வாலே கிடையாதுங்க ஐயா.

அரசலாறு:
தகடு இருக்கிறது, இருக்கும் இடம் வேறு. கேபின் தரைக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருப்பதும் அந்த வேலையைத்தான் செய்கிறது. சூடும் அங்கே அதிகம். ஒயரை சைலன்சர் பக்கம் கொண்டு போகாமல் எதிர்ப்பக்கமாகச் சுற்றி ஏற்ற வேண்டும்.

குடமுருட்டி:
பேர்ல என்ன இருக்கு, ஏஸ்ல இல்லன்னா இல்லதான்.

வெண்ணாறு:
ஏஸை விடுங்க. எந்தத் தகடா இருந்தாலும் சைக்கிள் டியூப் கூடாது. வேலையை எப்படிச் செய்யணும்னு சொல்றேன், கொள்ளிடக்கரையும் படிக்கட்டும்.

மொதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும். புது ஓட்டை கடைசி வழிதான். பானட் திறக்குற கேபிள் வர்ற ரப்பர், மெயின் ஹார்னஸ் (கம்பெனி ஒயர்க் கட்டு) வர்ற பெரிய குரோமெட், ரப்பர் மூடி போட்ட வெத்து ஓட்டைன்னு ஏதாச்சும் ஒண்ணு எல்லா வண்டியிலயும் இருக்கும். பெரிய குரோமெட்ல ஹார்னஸ் கட்டுக்கு நடுவுல குத்தக் கூடாது, உள்ள போற கம்பெனி ஒயர்ல ஏறிடும். ஓரத்துல, வெறும் ரப்பர்ல குத்தூசியால துளை போடணும். துளை ஒயரை விட சின்னதா இருக்கணும், அப்பதான் இறுகப் பிடிக்கும். பிளேடால குறுக்குவெட்டு போட்டா அந்தக் கீறல் நாளாக நாளாக நீளும். ஒயர் வழுக்கிப் போக சோப்புத் தண்ணி தொடுங்க. கிரீஸ், இன்ஜின் ஆயில் தொட்டா ரப்பர் ஊதிப் போயிடும்.

ஓட்டை போட்டே ஆகணும்னா ரெண்டு பக்கமும் எட்டிப் பார்க்கணும். பிரேக் பைப், ஏ.சி. பெட்டி, ஹார்னஸ் எதுவும் பின்னாடி இருக்கக் கூடாது. மஞ்சள் ஸ்லீவ், மஞ்சள் கனெக்டர் தெரிஞ்சா ஏர்பேக் லைன், கிட்டயே போகாதீங்க. காடி அளவுக்குத்தான் ஓட்டை. அரத்தால ரெண்டு பக்கமும் பிசிறு எடுத்து, வெட்டுன விளிம்புல பிரைமர் பூசிக் காய்ஞ்சப்புறம் குரோமெட் மாட்டணும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காத்துல பெயிண்ட் போன விளிம்பு ஒரே மழையில துருப் பிடிக்கும். துருப் பிடிச்ச விளிம்பு குரோமெட்டையும் தின்னும்.

கடைமடை:
அண்ணே, கேட்டது நான்தான். 55 வாட்ஸ் ஃபாக் லேம்ப் ரெண்டு. எத்தனை ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர், ஃபியூஸ் எங்க போடணும்? அதை யாரும் சொல்லலையே.

கொள்ளிடக்கரை:
தம்பி, 2.5 ஸ்கொயர் போடு, 15 ஆம்பியர் ஃபியூஸ், ஸ்விட்சுக்குப் பக்கத்துல போட்டா மாத்த சுலபம். வெண்ணாறு அண்ணே எழுதுன பிரைமர் எல்லாம் சரி. ஆனா அவ்வளவு சொல்லியும் டியூப் ஏன் ஆகாதுன்னு மட்டும் சொல்லல. பிசிறு எடுத்து பிரைமரும் அடிச்ச விளிம்பு எப்படி டியூப்பை அறுக்கும்? பதில் வேணும்.

வெண்ணாறு:
ஃபியூஸ் ஸ்விட்சுக்குப் பக்கத்துலயா? தம்பி கடைமடை, அதைக் கேட்டுறாத. ஃபியூஸ் காப்பாத்துறது ஒயரை. பேட்டரி பாசிட்டிவ்லேர்ந்து 15, 20 செ.மீ.க்குள்ள ஃபியூஸ் இருக்கணும். கேபினுக்குள்ள போட்டா, பேட்டரிலேர்ந்து ஃபயர்வால் தாண்டி வர்ற நீளம் மொத்தமும் காவல் இல்லாம கிடக்கும். அறுபடுற எடமே அந்த நீளத்துலதான் இருக்கு. டியூப் சுத்துறவர் ஃபியூஸையும் உள்ள வைக்கச் சொல்றாரு, ரெண்டையும் சேர்த்து யோசிச்சுப் பாரு.

உனக்கு ஒயர் கணக்கு: 55ம் 55ம் 110 வாட்ஸ், 12 வோல்ட்டுக்கு 9 ஆம்பியர் சொச்சம். 2.5 ஸ்கொயர், 15 ஆம்பியர் ஃபியூஸ், இந்த ரெண்டும் சரி. ஆனா அந்தத் தடி ஒயர் கேபினுக்கே வர வேணாம். ரிலேயை, அதாவது சின்ன கரண்ட்டை வச்சு பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கிற ஸ்விட்சை, இன்ஜின் பக்கமே மாட்டு, கால்கள் கீழ பார்க்குற மாதிரி. ஒவ்வொரு காலுக்கும் ஒரு நம்பர் இருக்கும். ஃபியூஸ் தாண்டி வர்ற லைன் 30ல, லேம்ப் 87ல, எர்த் 85ல. 86லேர்ந்து ஸ்விட்சுக்கு ஒரே ஒரு 0.75 ஸ்கொயர் ஒயர். அதுல ஓடுறது கால் ஆம்பியர் கூட இல்ல. ஸ்விட்சுக்கு சப்ளை உள்ள இருக்குற ஃபியூஸ் பாக்ஸ்லேர்ந்து, இக்னிஷன் போட்டா மட்டும் வர்ற லைன்ல 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸோட எடு. லேம்ப் கரண்ட் ஃபயர்வாலைத் தாண்டவே தாண்டாது.

கொள்ளிடக்கரை:
அப்ப 500 வாட்ஸ் இன்வெர்ட்டர் வைக்கிறவனுக்கு என்ன ரிலே? 42 ஆம்பியர் தாண்டும், 16 ஸ்கொயர் கேபிள் உள்ள வந்தே ஆகணும். எல்லாத்துக்கும் ரிலேயைக் காட்டி டியூப் கேள்வியிலேர்ந்து நழுவாதீங்க. பிசிறு எடுத்த விளிம்பு டியூப்பை அறுக்குமா, அறுக்காதா?

வெண்ணாறு:
அறுக்கும். பிசிறு போனாலும் 1 மி.மீ. விளிம்பு விளிம்புதான். 16 ஸ்கொயர் கேபிளோட எடை முழுக்க அந்தக் கோட்டுல உக்காரும்.

அரசலாறு:
ஒரு திருத்தம். வெண்ணாறு, ஆயில் பட்டால் ஊதுவது நீங்கள் புகழும் குரோமெட்டுக்கும், அது ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் வகையாக இருந்தால், பொருந்தும். அந்த விஷயத்தில் பியூட்டைல் டியூப்பும் அதுவும் ஒரே தட்டுதான்.

கொள்ளிடக்கரை:
ஐயா சொல்லிட்டாங்க, பார்த்துக்குங்க! ரெண்டும் ஒண்ணு!

வெண்ணாறு:
ஆயில்ல ஒண்ணுன்னாரு. காடியில ஒண்ணுன்னு சொன்னாரா? ஐயா, நீங்க அவர் வாய்க்கு அவல் போடுறீங்க.

அரசலாறு:
நான் யார் பக்கமும் பேசவில்லை.

குடமுருட்டி:
டியூப்போ குரோமெட்டோ, மேல சிலிகான் அப்பி விட்டா முடிஞ்சுது. இதுக்கு ஏன் இத்தனை சண்டை?

வெண்ணாறு:
எந்த சிலிகான்? வினிகர் வாடை அடிக்குதே, அதுவா? காயும்போது அதுலேர்ந்து அசிட்டிக் ஆசிட் வரும். செம்பு பச்சை பூக்கும், தகடு துருப் பிடிக்கும். வாடை அடிக்காத நியூட்ரல் சிலிகான் கேட்டு வாங்கணும். அதுவும் குரோமெட் மாட்டினதுக்கு மேல மெலிசா. எம்-சீல் வச்சு அடைக்கிறவங்க இருக்காங்க, கல்லு மாதிரி இறுகி அதிர்வுல விரிஞ்சு போகும்.

இன்னொண்ணு. ஒயர் மேலேர்ந்து சரிவா இறங்கி குரோமெட்டுக்குள்ள நுழைஞ்சா, ஐப்பசி அடைமழையில தண்ணி ஒயரைப் பிடிச்சுக்கிட்டே கேபினுக்குள்ள வரும். நுழையுற துளைக்குக் கீழ 5 செ.மீ. தொங்கவிட்டு, கீழேர்ந்து மேல ஏத்தணும். வாய்க்கால் தண்ணி மேட்டுக்கு ஏறாதுன்னு நம்ம ஊர்ல யாருக்கும் சொல்லித்தர வேணாம். சுத்துன டியூப்போட மடிப்புல தண்ணி தங்கும், அது வேற.

குடமுருட்டி:
அறுப்பு முடிஞ்சா வயல் எலி வீட்டுக்கும் வண்டிக்கும் வரும். எலி கடிக்கிறதுக்கு டியூப் என்ன, குரோமெட் என்ன, எல்லாம் ஒண்ணுதான்.

வெண்ணாறு:
கடிக்கும், மறுக்கல. ஆனா சுண்டெலி உள்ள வர சுண்டுவிரல் நுழையுற சந்து போதும். குரோமெட் ஓட்டையை முழுசா மூடும். டியூப் சுத்துன ஒயரைச் சுத்தி சந்து நிக்கும்.

கொள்ளிடக்கரை:
ஓட்டையை ஒயரோட டியூப் கனத்துக்கு அளந்து போட்டா சந்து எங்கேர்ந்து வரும்? அளக்கத் தெரியாதவன் குரோமெட் போட்டாலும் லூசாத்தான் இருக்கும். எங்க ஒர்க்ஷாப்காரங்க எல்லாம் வீட்டு ஒயரை இழுத்துட்டுப் போறாங்க, ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 694, 70 டிகிரி தாங்குற பி.வி.சி. அதைப் பத்தி உங்களுக்குக் கோபம் வரல. ஒரு டியூப் துண்டு மேலதான் அத்தனை கோபமும்.

வெண்ணாறு:
வீட்டு ஒயரும் தப்புதான். வண்டிக்குன்னு ஐ.எஸ். 2465 ஒயர் இருக்கு, அதை வாங்கணும். அதை நெளிஸ்லீவுக்குள்ள விட்டு, ஃபயர்வாலுக்கு ரெண்டு பக்கமும் 10, 15 செ.மீ.ல கிளாம்ப் பண்ணி, உள்ள பெடல்லயும் ஸ்டியரிங் தண்டுலயும் மாட்டாம ஓரமா கட்டணும். நேத்து நீங்க வீட்டு ஒயர் வேணாம்னு எழுதல. டியூப் போதும்னு எழுதுனீங்க. எழுதுனதுக்குத்தான் பதில்.

கடைமடை:
அண்ணே, ரிலே 86ம் 85ம் மாத்திக் குடுத்தா ஏதாச்சும் ஆகுமா?

அரசலாறு:
உள்ளே டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) இல்லாத ரிலே என்றால் ஒன்றும் ஆகாது. டையோடு இருந்தால் ரிலே மேலேயே படம் போட்டிருக்கும், அதன்படிதான் கொடுக்க வேண்டும்.

கொள்ளிடக்கரை:
தம்பி, அவர் சொன்ன ரிலேயையே போடு, நான் வேணாம்னு சொல்லல. அந்த 0.75 ஒயர் தோலோட சேர்த்தே சுமாரா 2 மி.மீ. மொத்தம்தான் இருக்கும். அதுக்கு ரெண்டு சுத்து டியூப் தாராளம்.

வெண்ணாறு:
நேத்து நாலு சுத்து, இன்னைக்கு ரெண்டு சுத்தா?

கொள்ளிடக்கரை:
ஒயருக்குத் தக்க சுத்து. நேத்து பேசுனது 2.5 ஸ்கொயர், அண்ணே. மறுபடி வெட்டிப் படிக்கிறீங்க.