செட்டிநாட்டுக் கறிக்கு எந்த இத்தாலி ஒயின்?

பள்ளத்தூர்வாசி:
சிங்கப்பூரிலிருந்து மச்சான் வர்றார். வரியில்லாம 2 லிட்டர்தான் கொண்டுவர முடியும்ங்கிறதால 750 மில்லி பாட்டில் ரெண்டு. பரோலோ சொல்லலாமா? விருந்துல உப்புக்கறி, கோழி மிளகு வறுவல். ஒரு வாரம் வீட்டுல இருக்கணும், சித்திரை வெயில் வேற.

திராட்சைப்பந்தல்:
பேரை நம்பி பரோலோ வாங்கிடாதீங்க அண்ணே. அருமையான ஒயின்தான், உப்புக்கறிக்கு ஆகாது. வடமேற்கு இத்தாலியில் பியமோன்தே பகுதி, நெபியோலோ திராட்சை மட்டும். மரப்பீப்பாயில் 18 மாதம் உட்பட மொத்தம் 38 மாதமாவது வைத்த பிறகுதான் விற்கலாம். நிறம் வெளிறியிருக்கும், துவர்ப்போ கடுக்காய் மாதிரி ஈறைப் பிடிக்கும். ஆல்கஹாலும் 14 சதவீதம் சுமாருக்கு இருக்கும். வரமிளகாய்க் காரத்தோடு இந்த இரண்டும் சேர்ந்தால் நாக்கு எரியும், ஒயின் கசக்கும்.

அதே பியமோன்தேயின் பார்பேரா தஸ்தி கேளுங்க. புளிப்பு தூக்கல், துவர்ப்பு கம்மி. சின்ன வெங்காயம் வதங்கின மசாலாவுக்கு அந்தப் புளிப்பு எலுமிச்சை பிழிந்த மாதிரி வேலை செய்யும். லேபிளில் 'சுப்பீரியோரே' என்று இருந்தால் 6 மாதமாவது மரத்தில் இருந்தது. மரத்தின் துவர்ப்பும் ஏறியிருக்கும், சாதாரணதே போதும்.

இரண்டாவது பாட்டில் எமிலியா-ரோமாஞாவின் லம்ப்ரூஸ்கோ. நுரைக்கிற சிவப்பு ஒயின். 'செக்கோ' என்றால் இனிப்பில்லாதது, 'அமாபிலே' இனிப்பு உள்ளது. காரத்துக்கு அமாபிலே.

கானாடுகாத்தான்_நிழல்:
வைக்கிற இடம் முக்கியம். சுவர் எவ்வளவு தடிமனா இருந்தாலும் சித்திரையில் உள்ளறைகூட 30 டிகிரி தாண்டும். ஒயினுக்கு 12–14 தேவை. ஒரு வாரம்தானே, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் படுக்க வைங்க. ஃப்ரிட்ஜ் தலைமேல் வைக்கவே கூடாது, மோட்டார் சூடு, அதிர்வு இரண்டும் அங்கே உண்டு.

வெயில் பட்ட காரில் கொண்டுவந்தால் கார்க் மேலே எழும்பும், கழுத்தில் பிசுபிசுப்பாக ஒழுகியிருக்கும். திறந்தால் வேகவைத்த உலர்திராட்சை வாடை. அப்புறம் குளிரவைத்தும் பயனில்லை.

புத்தகத்தில் 'அறை வெப்பம்' என்று போட்டிருப்பது ஐரோப்பிய அறை, 16–18 டிகிரி. நம்ம முகப்பு இல்லை. பார்பேராவைப் பரிமாற அரைமணி முன்னால் வெளியே எடுங்க. லம்ப்ரூஸ்கோவை 10 நிமிடம் முன்னால் எடுத்தால் போதும். குடுவையில் ஊற்றி வைக்காதீங்க, நுரை போயிடும்.

பள்ளத்தூர்வாசி:
மச்சான் ஒரு பரோலோ வாங்கிட்டாராம்! என்ன செய்யலாம்?

திராட்சைப்பந்தல்:
வீணாகாது. கறியில் கொஞ்சம் எடுத்து மிளகாய் போடாம, தேங்காய், கசகசா அரைத்து வெள்ளைக் குருமா வைக்கச் சொல்லுங்க. கொழுப்போடு இருக்கிற நெஞ்சுக்கறியா இருக்கட்டும்; கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைக் கட்டிப்போடும், உப்பும் அதை மட்டுப்படுத்தும். முதல்நாளே ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைத்தால் மண்டி அடியில் இறங்கும். பரிமாற 2 மணி நேரம் முன்னால் அகலமான கண்ணாடி ஜாடியில் மெல்ல ஊற்றுங்க, மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திடுங்க. ஜாடியை வெளியே விடாம, குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தில் வைங்க.