பாப்பாவுக்குத் தலை சிறியது, அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா? (சேலம்)

கொலுசுப்பட்டறை:
வணக்கம். நாங்கள் செவ்வாய்ப்பேட்டை பக்கம், வீட்டோடு கொலுசு வேலை. நான் என் தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறேன், அதனால் மாமியாரும் அம்மாயியும் ஒரே ஆள். பாப்பாவுக்கு ஒன்றரை வயது. நிறைமாதத்தில் பிறந்தும் தலைச் சுற்றளவு 29 செ.மீ.தான், 34, 35 இருக்கவேண்டும் என்றார்கள். நன்றாகச் சிரிப்பாள், என் குரல் கேட்டால் கை நீட்டுவாள், ஆனால் உட்காரவே இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறாள். ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் சரி என்றவர்கள் எட்டாம் மாதத்தில்தான் தலை சிறியது என்றார்கள். காட்டிய டாக்டர் "சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வீட்டிலோ, கிரகணத்தன்று நான் உட்கார்ந்து வெள்ளிக் கம்பி நறுக்கினேன், அதனால்தான் என்கிறார்கள். ஆர்டர் அவசரம், நறுக்கினேன், உண்மைதான். ராத்திரி தூக்கம் வருவதில்லை. அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

நாகலூர்மிளகு:
தங்கச்சி, முதலில் அந்தக் கம்பியை மனசிலிருந்து இறக்கி வை. கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் ஏற்காடு. என் வீட்டுக்காரர் எந்த வழியிலும் எனக்குச் சொந்தமில்லை, அப்படியும் என் பையனுக்கு மூளையில் மடிப்பே விழவில்லை. ஐந்து மாதத்தில் வலிப்பு வந்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பாகற்காய் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கவேண்டிய விளிம்பு வழவழவென்று ஒரே கோடாக ஓடியது. மூளை செல்கள் உள்ளே ஆழத்தில் பிறந்து மேலே ஏறி வந்து அடுக்காக உட்காரவேண்டுமாம், நம் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிற மாதிரி. இவனுக்குப் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. 17ஆம் குரோமோசோமில் லிஸ்1 என்கிற மரபணுவில் பிழை. எங்கள் இருவர் ரத்தத்திலும் அது இல்லை, கரு உண்டானபோது புதிதாக விழுந்தது, மறுபடி வரும் வாய்ப்பு ரொம்பக் குறைவு என்றார்கள். ஐந்தாம் மாத ஸ்கேன் எனக்கும் நார்மல்தான். அந்த வயதில் எந்தக் குழந்தைக்குமே மடிப்புகள் சரியாக உருவாகியிருக்காதாம், அப்புறம் எதைப் பார்த்துச் சொல்வார்கள்?

ஓமலூர்க்காரன்:
மரபணு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். மேலே அக்கா சொன்னதில் முக்கியமான விஷயம் அந்தப் பெயர். அவர்களுக்கு "லிஸ்1" என்று தெரியும், அதனால் அடுத்ததைப் பற்றிப் பேசமுடிகிறது. உங்களுக்குக் கிடைத்திருப்பது "சொந்தம்" என்ற சொல் மட்டும், அது நோயின் பெயர் இல்லை. தாய்மாமனும் மருமகளும் சராசரியாகக் கால்வாசி மரபணுக்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள், மாமன் மகன் அத்தை மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. ஒரே பிழை இருவரிடமும் ஒளிந்திருக்க வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். அப்படி இருந்து, இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே வந்தால் குழந்தைக்குப் பாதிப்பு. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அது நாலில் ஒன்று. ஒன்று வந்துவிட்டது, இனி மூன்றும் நன்றாக இருக்கும் என்ற கணக்கு கிடையாது.

பிறவியிலேயே தலை சிறுத்து, மற்றபடி ஓரளவு ஆரோக்கியமாக இருக்கும் குழந்தைகளில் அடிக்கடி சிக்குவது ஏ.எஸ்.பி.எம். மரபணு, 2002இல் கண்டுபிடித்தார்கள். மூளையின் தாய்செல்கள் ஒன்று இரண்டாகச் சரிபாதியாகப் பிரிந்து தங்கள் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்ள அது வேண்டும். அது பழுதானால் பெருக்கம் சீக்கிரமே நின்றுபோகும், மூளை சிறியதாகவே தங்கிவிடும். ஆனால் உங்கள் பாப்பாவுக்கு இதுதான் என்று நான் சொல்லமாட்டேன். கர்ப்பத்தில் ருபெல்லா, சி.எம்.வி. மாதிரி தொற்று வந்தாலும் தலை சிறுக்கும், அதையும் பார்த்து விலக்கவேண்டும்.

ஆகவே கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே பாப்பாவின் ரத்தத்தில் எக்ஸோம் பரிசோதனை (மரபணுக்களின் முக்கியப் பகுதிகளை எழுத்தெழுத்தாகப் படித்துப் பிழை தேடுவது) செய்யுங்கள், உங்கள் இருவர் ரத்தமும் சேர்த்து. வெறும் குரோமோசோம் டெஸ்டில் இந்த மாதிரி சின்ன எழுத்துப்பிழை தெரியாது. பிழை உறுதியானால் அடுத்த முறை 11ஆம் வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16 வார வாக்கில் பனிக்குட நீரிலோ அதே இடத்தைப் பார்த்துச் சொல்லலாம். ஸ்கேனை மட்டும் நம்பினால் மறுபடி எட்டாம் மாதம் வரை காத்திருக்கவேண்டும், கருக்கலைப்புச் சட்டத்தின் 24 வாரம் தாண்டிவிடும், அதற்குப் பிறகு மருத்துவக் குழு முடிவு செய்யவேண்டும். சில சமயம் பரிசோதனையில் தெளிவான பதில் வராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஃபோலிக் அமிலம் கட்டாயம் எடுங்கள், ஆனால் அது முதுகுத்தண்டு மூடாமல் போவதைத்தான் தடுக்கும், இதை அல்ல.

போகும்போது மூன்று தலைமுறைக்கு யார் யாருக்குப் பிறந்தார்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள். இறந்த குழந்தைகளையும் விடாதீர்கள்.

கொலுசுப்பட்டறை:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எழுத உட்கார்ந்தோம். அம்மாயி பக்கத்தில் இருந்து பெயர் சொல்லிக்கொண்டே வந்தது, அதுவும் தன் மாமன் மகனைத்தான் கட்டியிருக்கிறது. திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு, "உன் மாமனுக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு, தலை இப்படித்தான் சின்னதா, கடைசி வரைக்கும் பேச்சு வரல, ஏழு வயசுல போயிட்டான்" என்றது. என் மாமாவுக்கே இது தெரியாது. அம்மாயி பாப்பாவை மடியில் வாங்கி ரொம்ப நேரம் தலையைத் தடவிக்கொண்டே இருந்தது. அந்தப் பையனையும் தாளில் எழுதிவிட்டேன். இப்போது அம்மாயியும் ரத்தம் கொடுக்க வருகிறேன் என்கிறது, கூட்டிப் போகலாமா?