சிகரெட்டிலிருந்து வேப்: மாறுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

மருந்துக்கடை கவுண்டர்:
‘நான் சிகரெட்டை விட்ட கதை’ எழுத வேறு இடம் நிறைய இருக்கிறது. இங்கே தினமும் ஆட்களையும் சாமானையும் பார்க்கிறவர்கள் எழுதுங்கள்: என்ன வாங்குகிறார்கள், எதில் சறுக்குகிறார்கள், ஏன். பேசுவது வேப், அதாவது லிக்விட்டைச் சூடாக்கி ஆவியை இழுக்கும் மின் சிகரெட், அதுவும் இங்கிலாந்து நிலவரம். இந்தியாவில் வேப் சட்டப்படி கிடையாது. அங்கிருந்து படிப்பவர்களுக்கு என்ன வழி என்று கீழே யாராவது சொல்லுங்கள். சிகரெட்டே பிடிக்காதவர்களுக்கு இதில் ஒரு வரிகூட இல்லை. அவர்கள் வேப்பைத் தொடக் காரணமே கிடையாது.

முதலில் நானே தொடங்குகிறேன். திரும்பத் திரும்பப் பார்ப்பது, மன உறுதிக் குறைவு அல்ல, நிக்கோட்டின் குறைவு. நாளுக்கு 20 சிகரெட், கண் விழித்த அரை மணிக்குள் முதல் சிகரெட். அப்படிப்பட்டவர் கடைக்குப் போய், “கம்மியா குடுங்க, 3 போதும்” என்பார். நிக்கோட்டின்தான் புற்றுநோய் தருகிறது என்ற பயம். நிக்கோட்டின் பழக்கத்துக்கு அடிமைப்படுத்தும், அது உண்மை. ஆனால் நுரையீரலையும் ரத்தக் குழாயையும் கெடுப்பது பெரும்பாலும் புகையிலை எரிவதால் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும்தான். 3 என்றால் மி.லி.க்கு 3 மி.கி. நிக்கோட்டின். அந்த லிக்விட் பெரிய மேகம் விடும் டாங்குகளுக்கானது. அதைச் சின்ன ‘பாட்’டில் (லிக்விட் நிரப்பி வேப்பில் செருகும் சின்னக் கூடு) ஊற்றினால் வாசனை ஆவிதான் வரும். மூன்றாம் நாள் பழைய சிகரெட் கடைக்கே போய்விடுவார், “வேப் நமக்கு ஒத்துவரலை” என்பார்.

இங்கே சட்டம் அனுமதிக்கும் உச்சம் மி.லி.க்கு 20 மி.கி. லேபிளில் 2% என்று போட்டிருந்தாலும் அதுதான். பாட்டில் 10 மி.லி.க்கு மேல் கூடாது, டாங்க் 2 மி.லி.க்கு மேல் கூடாது. நாளுக்கு 20 சிகரெட்டோ, எழுந்த அரை மணிக்குள் பற்ற வைப்பவரோ என்றால் 18 முதல் 20. பத்து பன்னிரண்டு சிகரெட் என்றால் 10 அல்லது 12. அதற்கும் கீழே 6. இது தொடங்கும் இடம்தான், பிறகு உடம்பே சொல்லும். தலைச்சுற்று, குமட்டல், விக்கல் வந்தால் அதிகம், அப்போதைக்கு வைத்துவிட்டு அடுத்த பாட்டிலில் குறைக்கலாம். எரிச்சல், கையில் சிகரெட் தேடும் பரபரப்பு என்றால் போதவில்லை.

20 மி.கி. தொண்டையைக் கடிக்காதா என்று கேட்பார்கள். பழைய வகை, கடைக்காரர்கள் ‘ஃப்ரீபேஸ்’ என்பது, 18ல் கடிக்கத்தான் செய்யும். ‘நிக் சால்ட்’ வகையில் பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்துக் காரத்தன்மையைக் குறைத்திருப்பதால் 20கூட இதமாக இறங்கும். தொண்டையில் அந்தக் கடி இருந்தால்தான் திருப்தி என்பவர்களுக்கு ஃப்ரீபேஸ் 12 நன்றாகப் பொருந்துகிறது.

இழுக்கும் விதமும் வேறு. சிகரெட்டைச் சட்டென்று பலமாக இழுத்துப் பழகியவர் வேப்பையும் அப்படியே இழுப்பார். லிக்விட் வாய்க்குள் வரும், ஆவி வராது. மூன்று நான்கு விநாடி மெதுவாக வாய்க்குள் இழுத்து, பிறகு உள்ளே விட வேண்டும். பெரும்பாலான பாட்களில் நிக்கோட்டின் சிகரெட் அளவு வேகமாக ஏறாது. அதனால் ஏக்கம் வந்த பிறகு எடுத்தால் பின்தங்கிவிடும். முதல் வாரம் எழுந்தவுடன், டீக்கு முன், சாப்பிட்டவுடன் என்று ஏக்கம் வருமுன் நாலு இழுப்பு.

காயில் பெட்டி:
சாமான் பக்கம் நான். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே காயிலை எரித்துவிடுகிறார்கள். காயில் என்பது பஞ்சு சுற்றிய சூடாகும் கம்பி. பாட்-ஐ நிரப்பியவுடன் இழுத்தால் பஞ்சின் நடுப்பகுதி இன்னும் காய்ந்தே இருக்கும், அது கருகும். கருகிய வாடை ஒருமுறை வந்துவிட்டால் அந்தக் காயிலுக்கு மறுவாழ்வு இல்லை, கழுவினாலும் போகாது. நிரப்பிவிட்டுப் பத்து நிமிடம் நேராக நிறுத்தி வையுங்கள். பிறகு பட்டனை அமுக்காமல் இரண்டு மூன்று முறை காற்றை மட்டும் இழுத்துவிட்டுத் தொடங்குங்கள். இழுத்தாலே சூடாகும் வகை என்றால் அதைக்கூடச் செய்ய வேண்டாம், காத்திருந்தால் போதும். லிக்விட் கால்வாசிக்குக் கீழே இறங்கவும் விடாதீர்கள்.

சிகரெட்டுக்குப் பதிலாக என்றால் 0.8 முதல் 1.2 ஓம் மின்தடை உள்ள காயில், 10 முதல் 15 வாட், பிஜி-விஜி (புரொப்பிலீன் கிளைக்கால், தாவர கிளிசரின்) 50:50 லிக்விட். பிஜி தண்ணீர் போல ஓடும், தொண்டையைத் தட்டும். விஜி கெட்டி, ஆவியைப் பெருக்கும். 70% விஜி போட்ட லிக்விட்டைச் சின்ன காயிலில் ஊற்றினால் பஞ்சு உறிஞ்சும் வேகம் போதாமல் கருகும். அதையே தலைகீழாக, 0.3 ஓம் பெரிய காயிலில் 20 மி.கி. சால்ட்டை ஊற்றுகிறவர்களும் உண்டு. ஒரு இழுப்பில் அவ்வளவு ஆவி, அவ்வளவு நிக்கோட்டின். அடுத்த பத்து நிமிடம் தலை சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

குளுக் குளுக் என்ற சத்தம், வாயில் சூடாகத் தெறிப்பது: காயில் மூழ்கிவிட்டது. பாட்-ஐக் கழற்றி, வாய் வைக்கும் பக்கத்தைக் கீழே பார்க்கப் பிடித்து டிஷ்யூவில் உதறுங்கள். அடியில் இருக்கும் தொடர்புப் புள்ளிகளையும் துடைத்துவிடுங்கள். காயில் ஒன்று முதல் இரண்டு வாரம் வரும். இனிப்பு ஃபிளேவரில் சேர்க்கும் சுக்ரலோஸ் கம்பியில் கருகிப் பிடிப்பதால் நாலைந்து நாளிலேயே போகும். செலவைக் கணக்குப் போடும்போது இதை யாரும் சேர்ப்பதில்லை.

ஒருமுறை பிடித்து எறியும் வேப்பை 2025 ஜூன் 1 முதல் இங்கே விற்கக் கூடாது. ஆனால் அதே உருவத்தில் சார்ஜ் துளையும் மாற்றக்கூடிய பாட்-உம் வைத்த சாமான் வந்துவிட்டது. மக்கள் அதையும் முழுதாகக் குப்பையில் போடுகிறார்கள். உள்ளே லித்தியம் பேட்டரி, குப்பை வண்டியில் நசுங்கினால் தீ. விற்கிற கடையே பழையதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும், கொடுத்துவிடுங்கள். தனியாகக் கழற்றும் 18650 பேட்டரி வைத்த பெட்டி என்றால், உதிரி பேட்டரியைச் சாவி, சில்லறையோடு பாக்கெட்டில் போடுவது வெடி வைத்துக்கொள்வதுதான். பிளாஸ்டிக் உறை ஒரு பவுண்டுக்குக் கிடைக்கும்.

ஹரோ, நிறுத்தல் சேவை:
லண்டன் ஹரோவில சிகரெட்டை நிப்பாட்ட உதவுற சேவை எங்கட, எங்கட பக்கம் வேற மாதிரி. சிகரெட் பத்துற ஆக்கள் வந்தா கார்பன் மோனாக்சைட் மெஷின்ல ஊதச் சொல்லுவம். பதினைஞ்சு விநாடி மூச்சைப் பிடிச்சு, பிறகு மெதுவா ஊத வேணும். நாலாம் கிழமை 10 பிபிஎம்முக்கு (மூச்சுக் காத்தில பத்து லட்சத்தில 10 பங்கு) கீழ வந்தாத்தான் ‘விட்டாச்சு’ எண்டு பதிவு. வேப்பில ஒண்டும் எரியிறதில்லை, அதால அது இந்த எண்ணை ஏத்தாது. இரத்தத்தில இருக்கிற கார்பன் மோனாக்சைட் நாலைஞ்சு மணித்தியாலத்தில பாதியாகும், ஒரு நாள் ரெண்டு நாள்ல எண் விழுந்திடும். விட்ட ஆளுக்கு அந்த எண்ணைக் காட்டுறதை விடப் பெரிய உற்சாகம் வேற இல்லை.

“வேப் மட்டும்தான் அண்ணை” எண்டு சொல்லுற ஆள் 14 காட்டினா, உடன பொய் எண்டு நினைக்காதேங்கோ. ஷீஷா (ஹூக்கா) குடிச்சிருப்பினம். வீட்டு பாய்லர் பழுதாயிருக்கும், அது உயிருக்கே ஆபத்து, கட்டாயம் கேக்க வேணும். இதெல்லாம் இல்லையெண்டாத்தான் ‘ஒண்டே ஒண்டு’ கதை வெளிய வரும்: காலமை தேத்தண்ணியோட ஒண்டு, மிச்சமெல்லாம் வேப். இருபதில ஒண்டாக் குறைச்சா இருதய ஆபத்தும் இருபதில ஒரு பங்காகும் எண்டுதான் எல்லாரும் நினைக்கினம். அப்பிடியில்லை. 2018ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஆய்வுத் தொகுப்பின்படி, நாளுக்கு ஒரு சிகரெட்டுக்கே, இருபது பத்துறவைக்கு வாற கூடுதல் இருதய ஆபத்தில பாதிக்குக் கிட்ட வருது. அந்தக் காலமை ஒண்டைத்தான் முதல்ல பிடுங்க வேணும், கடைசியா இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில சார்ஜ் பண்ணின வேப்பை வையுங்கோ. சிகரெட் பெட்டி, லைட்டர், ஆஷ்ட்ரே ஒண்டும் வீட்டில இருக்கக்கூடாது.

வேப் உதவுமோ எண்டு கேக்கிறவைக்கு: 2019ல நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த பரிசோதனை, இங்கத்த நிறுத்தல் சேவைகளுக்கு வந்த 886 பேரில நடந்தது. ஒரு வருசத்துக்குப் பிறகு வேப் குழுவில 18.0 சதவீதம், தோல்ல ஒட்டுற நிக்கோட்டின் பேட்ச், மெல்லுற கம் மாதிரி மாற்றுப் பொருள் குழுவில 9.9 சதவீதம் சிகரெட் இல்லாமல் இருந்தவை. நேர்ல ஆலோசனை ரெண்டு பக்கத்துக்கும் இருந்தது. வேப்பை மட்டும் வாங்கிக்கொண்டு ஆலோசனைக்கு வராத ஆளுக்கு இந்தக் கணக்கு அப்பிடியே பொருந்தாது.

ஃபிளேவர் எதிரி:
மேலே அண்ணை சொன்ன ஆய்வின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் வேப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பேட்ச், கம் பக்கம் 9 சதவீதம்தான். இதில் பபிள்கம் வாசனை, குளிர்பான வாசனை எல்லாம் சேர்ந்தால் எப்போது விடுவது? புகையிலை ஃபிளேவர் மட்டும் போதும் என்பது என் கட்சி.

காயில் பெட்டி:
புகையிலை ஃபிளேவர் எதுவும் சிகரெட் மாதிரி இருக்காது, அதுதான் சிக்கல். எரிந்த இலையின் சுவை எரித்தால்தான் வரும். வாங்கியவர் ஏமாந்து சிகரெட்டுக்கே போவதைத்தான் கடையில் பார்க்கிறோம். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கும் மூக்கும் திரும்பும். அப்போது புதினா, பழம் பழகியவருக்குச் சிகரெட் நாற ஆரம்பிக்கும். அந்த நாற்றம் பெரிய உதவி. ஆனால் வேப்பை விடும் கணக்கில் நீங்கள் சொல்வது சரிதான், அதற்கு ஃபிளேவரைவிட மி.கி. கணக்குப் போட வேண்டும்.

20 மி.கி. பாட்டில் 10 மி.லி. ஐந்து நாளுக்கு வந்தால் நாளுக்கு 40 மி.கி. லிக்விட்டில் செலவாகிறது. 10 மி.கி.க்கு இறங்கி, பாட்டில் இரண்டரை நாளில் தீர்ந்தால் அதுவும் நாளுக்கு 40தான். குறைக்கவே இல்லை, ஆவிதான் இரட்டிப்பாச்சு, காசும். அதனால் முதல் மூன்று மாதம் அளவில் கை வைக்காதீர்கள். முதலில் இடத்தைக் குறையுங்கள்: படுக்கையறையில் இல்லை, காரில் இல்லை, ஃபோன் பேசும்போது இல்லை. பாட்டில் நீண்ட நாள் வர ஆரம்பித்ததும் அளவை இறக்குங்கள். 20லிருந்து ஒரே தாவலில் 10 தாங்கவில்லை என்றால், ஒரே ஃபிளேவர், ஒரே பிஜி-விஜி விகிதம் உள்ள 20ஐயும் 10ஐயும் சம அளவு கலந்தால் 15. ஃப்ரீபேஸில் 18, 12, 6, 3 என்று படி தயாராகவே இருக்கிறது. இறங்கும்போது பழைய சிகரெட் ஏக்கம் எட்டிப் பார்த்தால் ஒரு படி மேலே ஏறுவதில் வெட்கம் வேண்டாம்.

2026 அக்டோபர் 1 முதல் 10 மி.லி.க்கு 2.20 பவுண்டு வரி என்று அரசு அறிவித்திருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று சந்தையில் லேபிள் இல்லாத பாட்டில் வாங்குவது அதற்குப் பிறகு கூடும். 2019-20ல் அமெரிக்காவில் நுரையீரல் கெட்டு 68 பேர் செத்ததற்கு முக்கியக் காரணமாகப் பிடிபட்டது, கஞ்சாச் சத்து கலந்த கள்ளச் சரக்கில் இருந்த வைட்டமின் ஈ அசிடேட். இங்கே நிக்கோட்டின் லிக்விட்டில் வைட்டமின் சேர்க்கவே தடை, ஆனால் அந்தத் தடை, லேபிள் உள்ள பாட்டிலுக்குத்தானே உதவும்.

ஊர் போகிறவர்கள்:
சென்னைக்கு விமானம் ஏறும் முன் வேப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். 2019 சட்டப்படி இந்தியாவில் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் தடை. முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சிங்கப்பூரில் 2018லிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். தடை இல்லாத நாட்டுக்கு என்றால் கைப்பையில் மட்டும், பெட்டியில் போடக் கூடாது. பாட்-ஐக் காலி செய்துவிடுங்கள், மேலே காற்றழுத்தம் குறையும்போது ஒழுகும்.

ஊரில் இருக்கும் நாட்களுக்கும், அங்கேயே இருப்பவர்களுக்கும் நிக்கோட்டின் கம், பேட்ச் உண்டு. கம்மைச் சாதாரண சூயிங் கம் போல மெல்வதால்தான் விக்கலும் நெஞ்செரிச்சலும். மெதுவாக மென்று, மிளகு கடித்த மாதிரி சுருக்கென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுருக் அடங்கியதும் திரும்ப நாலு மெல்லு. அரை மணி இப்படி. போடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பிருந்தே காபி, பழச்சாறு கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோட்டின் உள்ளே ஏறாது. எழுந்த அரை மணிக்குள் பற்ற வைப்பவருக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2. இந்திய அரசின் இலவச உதவி எண் 1800-11-2356.

மருந்துக்கடை கவுண்டர்:
விட்டுப்போனது ஒன்று, இதைப் பலர் கேட்பதே இல்லை. புகையில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடும். அது சில மருந்துகளை வேகமாக எரித்துவிடும். சிகரெட் நின்றால் முடுக்கம் நின்றுவிடும், வேப் அதைச் செய்யாது. அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் ரத்தத்தில் கூடிவிடும். குளோசபின், ஒலான்சபின் (மனநல மருந்துகள்), தியோஃபிலின் (மூச்சுக் குழாய் மருந்து), வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது) எடுப்பவர்கள் சிகரெட்டை நிறுத்தும் தேதியை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். குளோசபின் என்றால் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். காபியும் இந்தக் கணக்கில்தான் வரும். நாளுக்கு ஆறு காபி குடித்தவருக்குச் சிகரெட் நின்ற ஒரு வாரத்தில் கை நடுங்கும், தூக்கம் வராது. நிக்கோட்டின் போதவில்லை என்று நினைத்து வேப்பைக் கூட்டுவார். குறைக்க வேண்டியது காபியை, மூன்றாக.

முதல் சில வாரம் இருமல் கூடலாம். பிஜி ஈரத்தை உறிஞ்சும் பொருள், தொண்டை காயும், தண்ணீர் குடியுங்கள். சிலருக்கு வாய்ப்புண், மலச்சிக்கல். மூன்று வாரம் தாண்டியும் இருமல், அல்லது ரத்தம், மூச்சுத் திணறல் என்றால் அது வேப் விஷயம் அல்ல, டாக்டர் விஷயம்.

பாட்டிலை அலமாரியில் மேலே வையுங்கள். 20 மி.கி. வகையில் 10 மி.லி. பாட்டிலில் 200 மி.கி. நிக்கோட்டின், மாம்பழ வாசனையோடு. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், இங்கிலாந்தில் 999 அழையுங்கள்.