மறு: மறு: ‘வாடகைத் தாய்’க்கு மாற்றுச் சொல் (படிவம் திங்களன்று போகிறது)

குழுவினருக்கு வணக்கம். பிறருக்காகப் பிள்ளை சுமந்து தருபவர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் அவரை எந்தச் சொல்லால் குறிப்பது என்பதே நம் கேள்வி. உங்கள் மடல்களிலிருந்து எடுத்த வரிகளுக்குக் கீழே என் மறுமொழியை எழுதியிருக்கிறேன்.

2021ஆம் ஆண்டு வாடகைத் தாய்முறை ஒழுங்குமுறைச் சட்டம் காசுக்குப் பிள்ளை சுமந்து தருவதைத் தடுத்துவிட்டது. சுமப்பவருக்கு மருத்துவச் செலவு முதலான, விதியில் குறித்த செலவுகளும் 36 மாதக் காப்பீடும்தான் உண்டு. அப்புறம் ஒப்புதல் படிவத்தின் தலைப்பில் வாடகை என்று எப்படி எழுதுவது?

நேற்று எங்கள் தெரு இட்லிக்கடை அக்காவுக்கு வரைவை வாசித்துக் காட்டினேன். ‘வாடகைத் தாய்’ என்றதும், “வாடகை எவ்வளவு தருவாங்க?” என்றார். ‘பதிலித் தாய்’ என்று மாற்றினேன். “யாருக்குப் பதில் சொல்லணும்?” என்றார்.

> பதிலி தமிழ், வாடகை வடசொல்.

வாடகை ‘பாடக’த்திலிருந்து வந்தது, சரி. பதில் மட்டும் என்ன, அரபு ‘பதல்’தானே ஐயா.

> நற்றாய், செவிலித்தாய் என்று அகத்திணை அன்றே பிரித்துவிட்டது.

பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. ஆனால் சட்டப்படி பிள்ளை, பிள்ளை வேண்டி வந்தவர்களுக்கே உரியது. சுமந்தவரை நற்றாய் என்றால் வழக்கு வரும். செவிலி என்றால் மருத்துவமனையில் நர்ஸ். ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்ற புறநானூற்றுப் பொன்முடியார், பெறுவது, வளர்ப்பது இரண்டையும் ஒரே தாயின் கடனாக வைத்தார். இங்கே ஈனுபவர் ஒருவர், புறந்தருபவர் இன்னொருவர். பழைய சொல் எதுவும் பொருந்தாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

> தாங்குதாய். ஊறுகாய் போல வினைத்தொகை.

சொல்லழகில் எனக்கும் இதுதான் பிடித்தது. ஆனால் சுமைதாங்கிக் கல்லைக் கருவோடு இறந்த பெண்ணின் நினைவாக முன்பு நடுவார்கள். எங்கள் ஊர்ச் சாலையோரம் இன்னும் ஒன்று நிற்கிறது: நட்ட கல் இரண்டு, மேலே படுத்த கல் ஒன்று. பிள்ளை சுமக்கப் போகிறவர் கையெழுத்துப் போடும் தாளில் அந்த நினைப்பு வர வேண்டாம்.

சட்டத்தின் 6ஆம் பிரிவு, அவருக்குப் புரியும் மொழியில் எழுத்து ஒப்புதல் வாங்கச் சொல்கிறது. கருவைக் கருப்பையில் வைக்கும் முன்பு வரை அவர் பின்வாங்கலாம். ஆகவே ‘சுமக்கும் தாய்’ என்று போடுகிறேன்.

---

அன்புத் தங்கைக்கு,

‘சுமக்கும் தாய்’ கலைச்சொல் அல்ல, விளக்கம். எந்தத் தாய் சுமக்கவில்லை? சட்டப்படி, பிறருக்காகச் சுமப்பவர் 25 முதல் 35 வயதுக்குள், மணமாகி, சொந்தப் பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைதான் இப்படிச் சுமக்கலாம். ஏற்கெனவே தனக்காகச் சுமந்தவரை உங்கள் சொல் எப்படிப் பிரித்துக் காட்டும்? தாங்குதாய் என்றால் தாங்குதாய்மை என்று வளரும். சுமைதாங்கிக் கல் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? என் வாக்கு தாங்குதாய்க்கே.

---

ஐயா,

குறை உண்மைதான். முதல் இடத்தில் ‘பிறருக்காகச் சுமக்கும் தாய்’ என்று முழுதாக எழுதிவிட்டேன். மற்ற நால்வரும் ‘ஏதோ ஒன்றைப் போட்டு அனுப்புங்கள்’ என்று எழுதியிருக்கிறார்கள். பாடநூலுக்கு உங்கள் தாங்குதாயை நான் மறுக்கவில்லை.

இன்று மாலை அக்காவிடம் மறுபடி வாசித்தேன். தலைப்பில் தடுக்கவில்லை. பின்வாங்கலாம் என்ற வரி வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “எது வரைக்கும்?” என்று கேட்டார். அந்த வரியைத் தடித்த எழுத்தில், கையெழுத்துக்கு நேர் மேலே கொண்டுவந்திருக்கிறேன்.