யுகேஜி பட்டமளிப்பு விழாவில் பெற்றோரை எப்படி உட்கார வைப்பது?

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் என் மகள் படிக்கும் பள்ளியில் மார்ச் கடைசியில் யுகேஜி பட்டமளிப்பு. கூட்டத்தைச் சமாளிக்கும் வேலை எங்கள் பெற்றோர் குழுவிடம் வந்திருக்கிறது.

போன வருடம் பேரைக் கூப்பிட்டதுமே அப்பா, சித்தப்பா, தாத்தா என்று ஒரு குடும்பமே போனைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடியது. பின்வரிசைக்குத் தெரிந்தது முதுகுகள்தான். விசில் சத்தத்தில் அடுத்த பேர் காதில் விழவில்லை. அந்தப் பிள்ளை கருப்பு அங்கியோடு மேடை ஓரத்தில் திருதிருவென்று விழித்தது. தன் பிள்ளை இறங்கியதும் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். ஒய், இசட் எழுத்துப் பிள்ளைகளுக்குக் கைதட்ட ஆளே இல்லை.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்க வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே அரசாணை வந்தது. 55 விநாடிதான். அதிலும் சிலர் போன் பேசுகிறார்கள்.

விசிலே கூடாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பாட்டி பேத்தியைப் பார்த்துக் கத்தினால் யார் தடுப்பது? அடுத்த பேர் கேட்டால் போதும்.

இதையெல்லாம் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஒரே போட்டோகிராபரை வைத்து எல்லாருக்கும் படம் அனுப்பினால் ஓட்டம் குறையுமா? குரூப் போட்டோவையும் டிபனையும் கடைசியில் வைத்தால் உட்காருவார்களா? வெயிலுக்குப் பயந்து மாலையில்தான் வைக்கிறோம், அதனால் ரொம்பவும் இழுக்க முடியாது. அப்புறம், யாரும் கோபப்படாதபடி அழைப்பிதழில் போட ஒரு வரி எழுதித் தந்தால் பெரிய உதவி. அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.