‘வெள்ளைக்கோடு’ வேண்டாம், ‘பொருத்துவரி’ எனலாம்: மாட்டுக் குளம்புக்கு ஒரு கலைச்சொல்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கறவை மாடுகளுக்குக் குளம்பு உறுதிக்காகப் பயோட்டின் என்னும் வைட்டமினைக் கொடுப்பது பற்றிய கட்டுரைகளில் அடிக்கடி வரும் ‘ஒயிட் லைன்’ என்பதை ‘வெள்ளைக்கோடு’ என்றே எழுதிவிடலாம் என்று இங்கே சிலர் கருதுகிறார்கள். எளிய சொல்தான். ஆனால் தொழுவத்தில் நிற்பவரை அது தவறாக வழிநடத்தும் என்பதால் என்னால் ஏற்க முடியவில்லை.

குளம்பு சீவும்போது அருகில் குனிந்து பார்த்தவர்கள் அறிவார்கள். குளம்பின் சுவரும் அடித்தட்டும் சந்திக்கும் ஓரத்தில் மெல்லிய பட்டை ஒன்று சுற்றி ஓடுகிறது. சாணம் அப்பிய காலில் அது கண்ணுக்கே தெரியாது, சீவிய பிறகும் பெரும்பாலும் வெளிர்மஞ்சளாகவே தெரியும். நொண்டும் மாட்டில், பெரும்பாலும் பின்னங்காலின் வெளிக்குளம்பில், அந்தப் பட்டையின் மேல் மிளகளவு கரும்புள்ளி ஒன்று இருக்கும். அதைக் கத்திமுனையால் தொடர்ந்து சீவிக்கொண்டே போனால் உள்ளே புகுந்த பொடிக்கல்லும், சில வேளைகளில் அதற்கு அப்பால் தேங்கிய சீழும் வெளிவரும். கறுப்பைத் தேட வேண்டிய இடத்துக்கு வெள்ளையென்று பெயர் வைப்பது பொருந்துமா?

அந்த இடத்தின் இயல்பு நிறத்தில் இல்லை, சேர்க்கையில் இருக்கிறது. சுவரின் கொம்புப்பொருளும் (குளம்பின் கடினமான பொருள்) அடித்தட்டின் கொம்புப்பொருளும் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வளர்ந்து வந்து அங்கே சேர்கின்றன. அவற்றை இணைப்பது இரண்டையும்விட மென்மையான பொருள் என்பதால் பிளவு அங்கேதான் தொடங்குகிறது. கெரட்டின் என்னும் கடினப் புரதம் நிறைந்த செல்களை ஒட்டவைக்கும் கொழுப்பு கலந்த பசைப்பொருள் உருவாவதற்குப் பயோட்டின் தேவை என்பதால்தான் இந்த வைட்டமினின் பலன் இந்தப் பட்டையில் நன்கு புலப்படுகிறது. ஆகவே தச்சுவேலையில் வழங்கும் ‘பொருத்து’ என்ற சொல்லைக் கொண்டு ‘பொருத்துவரி’ என்றும், நோயைப் ‘பொருத்துவரிப் பிளவு’ என்றும் சொல்லலாம். ‘மூட்டுவரி’ என்றும் ஆக்கலாம்; ஆனால் நொண்டும் மாட்டைப் பற்றிப் பேசும்போது மூட்டு என்றவுடன் எலும்பு மூட்டே நினைவுக்கு வரும்.

‘சப்ளிமெண்டேஷன்’ என்பதற்குக் ‘குறைநிரப்பு’ என்ற சொல்லும் எனக்கு உடன்பாடில்லை. பசுவின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகளே பயோட்டினை உண்டாக்குகின்றன. அடர்தீவனம் மிகுந்து அங்கே அமிலம் கூடும்போது அந்த உற்பத்தி குறையக்கூடும். வெளிப்படையான குறைபாடு இல்லாத மாட்டுக்கும் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் அளவில் கொடுப்பதைத் ‘துணையூட்டம்’ என்பதே சரி. ‘மருந்து’ என்றால் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். குளம்போ மாதத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. புதிய, உறுதியான பகுதி தரையைத் தொடப் பல மாதங்கள் ஆகும், அதுவரை தீவனத்தோடு துணையூட்டம் தொடர வேண்டும்.

ஒரே ஓர் ஐயம் எனக்கு இருக்கிறது. குளம்பின் அடிப்பாகத்தை நான் ‘அடித்தட்டு’ என்று எழுதிவருகிறேன். குளம்பு சீவுவோர் அதற்கு வேறு சொல் வழங்கினால், களத்தில் உள்ள கால்நடை மருத்துவர்கள் அதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். அந்தச் சொல்லையே ஏற்றுக்கொள்வேன்.