கலைச்சொல்: ‘ஃபிளாஷ் ரஸ்ட்’ – மின்னல்துருவா, பூந்துருவா?

அன்புடையீர்,

பழைய பிக்கப் வண்டிகளைப் புதுப்பிக்கும் வேலைக்கான சொற்பட்டியலில் துருப் பகுதி ஏறத்தாழ முடிந்துவிட்டது. துருநீக்கி, துருமாற்றி, குழித்துரு மூன்றிலும் யாருக்கும் மறுப்பில்லை. முடியாமல் நிற்பது ஃபிளாஷ் ரஸ்ட் மட்டும்தான், அதாவது துருநீக்கிய இரும்பில் உடனே படரும் புதுத்துரு. பட்டியலில் இப்போது ‘மின்னல்துரு’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிடவேண்டும் என்பது என் கருத்து.

பொருள் எது என்று முதலில் பார்த்துக்கொள்வோம். 1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த செவ்ரோலெட் அட்வான்ஸ் டிசைன் வரிசையின் 3100 பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பேட்டரி பானட்டுக்குள் இல்லை. பயணி பக்கத் தரைத்தகட்டுக்கு அடியில் தொங்கும். அமிலம் கசிந்து கசிந்து பேட்டரிப் பெட்டியும் அதன் மூடியும் சுற்றியுள்ள தரையும் செதில் செதிலாகத் துரு ஏறியிருக்கும். அந்த மூடியைச் சலவைச் சோடாக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், மறுநாள் கரி பூசினாற்போல் வெளியே வரும். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் வெளிர்சாம்பல் நிறத்தில் வெறும் இரும்பு. கழுவியபடியே சாய்த்து வைத்துவிட்டால், சில நிமிடங்களில் நீர்த்துளி நின்ற இடங்களைச் சுற்றிக் காவிநிற வளையம் விழும். பிறகு தகடு முழுக்க மஞ்சள்தூள் தூவினதுபோல் ஒரு படலம். விரலால் தடவினால் விரலோடு வரும்.

இதைப் பார்த்தவருக்கு மின்னல் நினைவுக்கு வராது. சுவரில் உப்புப் பூக்கிறது, ஊறுகாயில் பூசணம் பூக்கிறது, தணலில் நீறு பூக்கிறது. தூள்போல் மெல்லியதாக மேலே தானே எழும் படலத்துக்குத் தமிழ் வைத்திருக்கும் வினை ‘பூத்தல்’. ஆகவே என் முன்மொழிவு: பூந்துரு.

———

ஐயா,

மின்னல்துரு வேண்டாம் என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் பூந்துரு தோற்றத்தைத்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. ‘உலர்துரு’ என்று வைத்தால் என்ன?

இந்தத் துரு நனையும்போது வருவதில்லை, காயும்போது வருகிறது. பட்டறையில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். தகடு நீருக்குள் முழுக்க மூழ்கியிருக்கையில் ஆக்சிஜன் அந்த ஆழத்தைக் கடந்து மெல்லத்தான் இரும்பை அடையும். வெளியே எடுத்து நீர் வடிந்து, மெல்லிய ஈரப்படலம் மட்டும் மிஞ்சும்போது ஆக்சிஜனுக்குத் தடையே இல்லை. இரும்போ அப்போதுதான் துருவும் எண்ணெயும் பெயிண்ட்டும் உரிந்து வெறுமையாக நிற்கிறது. ஆகவே ‘தானே காயட்டும்’ என்று விடுவதுதான் செய்யக்கூடியதிலேயே கெட்ட காரியம். பனிக்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் அமெரிக்க வட மாநிலங்களில் ஓடிய வண்டி என்றால் இன்னும் மோசம். குழிகளுக்குள் தங்கிய குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடம் காய்ந்திருக்காது.

‘உலர்துரு’ என்ற பெயரைக் கேட்டாலே கையாள் காற்றுக்குழாயைத் தேடவேண்டும். அதுதான் என் ஆசை.

———

வணக்கம்.

எங்கட பக்கம் துருவைக் கறள் என்றுதான் சொல்லுவம். ‘கறள் பிடிச்ச தகடு’ என்றால் யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் விளங்கும். பட்டியலில் ‘துரு’ என்ற தலைப்புக்குக் கீழே கறளையும் சேர்த்துவிடுங்கோ. பூந்துரு என்று முடிவானால் இணைச்சொல்லாகப் ‘பூங்கறள்’ நன்றாகவே வருகிறது. உலர்துருவை அப்படி மாற்றினால் ‘உலர்கறள்’. அதைக் கேட்டால் காய்ந்துபோன பழைய கறள் என்றுதான் இங்கே எடுப்பினம்.

———

மேலே சொன்ன அதே ஐயம் தமிழ்நாட்டு வாசகருக்கும் வரும். உலர்துரு வினைத்தொகை. உலர்ந்த துரு, உலர்கின்ற துரு, உலரும் துரு என மூன்று காலத்துக்கும் விரியும். துரு உலர்வதாகத்தான் பொருள் வருமே தவிர, தகடு உலரும்போது வரும் துரு என்று வராது.

அதே தராசில் பூந்துருவையும் வைத்துப் பார்த்தேன். பூக்கும் துரு என வினைத்தொகையாகக் கொண்டால் இடையில் ஒற்று வரக்கூடாது, ‘பூதுரு’ என்றாகிவிடும். பூப் போன்ற துரு என்று கொண்டால் பூந்தோட்டம், பூந்துகள் போலப் பூந்துரு சரி. வினையாக வேண்டும் இடத்தில் ‘தகடு பூத்துவிட்டது’ என்று எழுதலாம். பெயரும் வினையும் ஒரே வேரில் கிடைப்பது கலைச்சொல்லுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. என் வாக்கு பூந்துருவுக்கு.

———

நண்பர்களே,

பெயிண்ட் வேலைப் பக்கத்திலிருந்து ஒரு கவலை. ‘பூ’ என்றதும் மேலோட்டமானது, துடைத்தால் போய்விடும் என்ற எண்ணம் வந்துவிடக்கூடாது. துடைத்தால் போகும் பூந்துருவும் உண்டு, போகாததும் உண்டு. எதன் மேல் பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்கலாம் என்பதே அதை வைத்துத்தான் முடிவாகும்.

உயரழுத்த நீரால் சுத்தம் செய்த பரப்புக்கான ஐ.எஸ்.ஓ. 8501-4 தரம் இதை மூன்று நிலையாகப் பிரிக்கிறது. கையில் வெள்ளைத் துணி இருந்தால் போதும். நிறம் மாறியிருந்தும் துரு பிடிப்பாக ஒட்டி, துணியில் எளிதில் வராவிட்டால் இலேசு. துணியில் மங்கலாகக் கறை பட்டால் நடு. துணி காவியாகி, தகட்டின் நிறமே மறைந்திருந்தால் கனம். கனத்தின் மேல் எப்பாக்ஸி பிரைமர் அடித்தால் அது இரும்பைப் பிடிக்காது, தூளைத்தான் பிடிக்கும். பிறகு ஃபெண்டரின் கீழ்விளிம்பில் ஒரு கல் தெறித்தாலே நகக்கண் அளவுக்குப் பெயர்ந்து வரும்.

ஆகவே விளக்கக் குறிப்பில் செய்முறையும் இருக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

முதலில் மின்சாரம் பாய்ச்சித் துருநீக்குவது. சலவைச் சோடா அளவு 4 லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி. தகடு பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில், பலிகொடுக்கும் இரும்பு நேர்முனையில். நேர்முனைக்குச் சாதாரணக் கட்டுமானக் கம்பி போதும். எவர்சில்வர் கூடவே கூடாது: அதிலுள்ள குரோமியம் நஞ்சாகிக் கரைசலில் இறங்கும். துத்தநாகம் பூசிய கம்பியும் வேண்டாம். நேர்முனைக்கு முகம் காட்டும் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும் என்பதால் தகட்டைச் சுற்றி நான்கு கம்பி நிறுத்துங்கள், அல்லது பாதியில் திருப்பிப் போடுங்கள். ஹைட்ரஜன் வெளிவரும், திறந்த இடத்தில் செய்து, கையை விடுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். கதவுப் பூட்டின் சுருள்வில் போன்ற கடினப்படுத்திய எஃகை இதில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, பளு ஏறும் நாளில் பட்டென்று முறியும்.

பூந்துருவைத் தடுப்பது கழுவும் நேரத்தில். கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் விட்டுக் கழுவினால் தகடே சூடேறி ஈரத்தை விரட்டும். உடனே காற்றடித்து மடிப்புகளிலிருந்து நீரைத் துரத்தி, அசிட்டோனால் துடையுங்கள். அதன் பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது. வியர்வையின் உப்பு மறுநாள் கைரேகையாகவே பூத்திருக்கும். தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி செல்சியஸ் மேலே இருக்கும்போது, அன்றைக்கே பிரைமர்.

பூத்துவிட்டால் பலர் பாஸ்பாரிக் அமிலத்தை எடுக்கிறார்கள். அமிலம் துருவைக் கரைக்கும், சாம்பல் நிறப் பாஸ்பேட் படலமும் விடும். ஆனால் தகட்டின் மேலேயே காய விட்டால் பிசுபிசுப்பாக மிஞ்சி எப்பாக்ஸியின் பிடிப்பைக் கெடுக்கும். நீர் விட்டு அலசினால் மறுபடி பூக்கும். இந்தச் சுழலில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, தட்டையான இடங்களை 80 எண் உப்புத்தாளால் தேய்த்து எடுப்பதே நேரான வழி. குழிகள் நிறைந்த இடத்தில் மட்டும் அமிலம். காயுமுன் புது அமிலத்தால் மீண்டும் நனைத்துச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

———

உலர்துருவை நான் திரும்பப் பெறுகிறேன். வினைத்தொகை விளக்கம் நியாயம். காரணத்தைப் பெயர் சொல்லாவிட்டாலும் விளக்கத்தின் முதல் வரி சொல்லட்டும்:

> பூந்துரு (பெ.): துருநீக்கிய வெறும் இரும்பின் மேல் ஈரம் காயும் தறுவாயில் தூளாகப் படரும் புதுத்துரு. வினை: பூத்தல். நிலைகள்: இலேசு, நடு, கனம். இலங்கை வழக்கு: பூங்கறள்.

கழுவி முடித்து ஒரு வாரம் கழித்துக் கேபின் மூலையின் அடிமடிப்பிலிருந்து காவிநீர் வடிகிறதே, அதையும் சிலர் பூந்துரு என்று எழுதத் தொடங்குவார்கள். அது வேறு. இரண்டு தகடு ஒட்டிய இடுக்கில் கரைசல் தங்கி, உள்ளே பழைய துரு இன்னும் வேலை செய்கிறது என்று பொருள். துரு தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் பிடிக்கும். ஸ்பாட் வெல்டிங் போட்ட தகடுகளையே ஆப்பு அடித்ததுபோல் பிரித்துவிடும். அதைத் துடைத்தும் பயனில்லை, வெந்நீரும் உதவாது. வெல்டிங் புள்ளிகளைத் துளையிட்டு மடிப்பைத் திறந்தே ஆகவேண்டும். அதற்கு ‘நெம்புதுரு’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறேன். தனி இழையில் அனுப்புகிறேன்.